கடிதம் வந்த பிறகு என்ன செய்வது?

அமெரிக்காவில் ஃபிலடெல்பியா கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் மருத்துவச் சேவை அமைப்பு ஒன்று 2016-ல் 6,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. காரணம், திருடுபோன ஓர் ஐஃபோன். ஊழியர் ஒருவருக்கு அலுவலகம் கொடுத்திருந்த அந்த ஃபோனுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. உள்ளே இருந்தது எதுவும் என்கிரிப்ட் செய்யப்படவும் இல்லை. முதியோர் மருத்துவ இல்லங்களில் இருந்த 412 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண், நோய், மருந்து, குடும்பத்தினரின் பெயர் வரை எல்லாம்.

அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது மத்திய சுகாதாரத் துறைக்கு. அந்த 412 பேருக்கு அதில் பங்கில்லை. மருத்துவத் தகவல்களைக் காக்கும் ‘ஹிப்பா’ சட்டத்தை மீறினால் அரசு அபராதம் போடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் அந்தச் சட்டத்தின் பேரில் நேரடியாக வழக்குப் போட முடியாது. முதியோர் குடியிருப்பில் தகவல் திருட்டு நடந்தால் என்ன செய்யலாம் என்று தேடும் குடும்பங்களுக்கு முதல் அதிர்ச்சியே இதுதான்.

கனெக்டிகட் மாநிலத்தில் அப்படியொரு குடியிருப்பில் வாழும் என் அத்தைக்கும் தகவல் திருடுபோனதாக ஒரு நாள் கடிதம் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “கேஸ் போடலாமா?” போடலாம். ஆனால் அது மூன்றாவது வேலை. பூட்ட வேண்டியதைப் பூட்டுவது முதல் வேலை, புகாரைப் பதிவு செய்வது இரண்டாவது. இந்த வரிசையில் போனால்தான் வழக்குக்குத் தேவையான சான்றும் கையில் சேரும்.

தெரியாத பெயரில் வரும் உறை

முதியோர் குடியிருப்பில் சேரும்போது கொடுக்கும் ஃபைலை நினைத்துப் பாருங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் எண், மாத வாடகை பிடிக்க வங்கிக் கணக்கு எண், பவர் ஆஃப் அட்டர்னி நகல், மருந்துப் பட்டியல், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய மகன், மகளின் முகவரி. ஒரு மனிதரைப் பற்றி ஒரு திருடன் அறிய விரும்பும் எல்லாமும் ஒரே இடத்தில் இருக்கும். இங்கே வாழும் முதியவர்களில் பலர் புதிதாகக் கடன் வாங்கப் போவதில்லை. அதனால் தங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்கினாலும் மாதக்கணக்கில் தெரியவராது.

அந்த ஃபைல் குடியிருப்போடு நிற்பதும் இல்லை. முதியோர் இல்லங்களுக்கு மருந்து வழங்கும் ஃபார்மெரிகா நிறுவனத்தில் 2023-ல் நடந்த திருட்டில் 58 லட்சம் பேரின் விவரம் போனது. 2019 நவம்பரில், மில்வாக்கியிலிருந்து சுமார் 110 முதியோர் இல்ல வாடிக்கையாளர்களுக்குக் கணினிச் சேவை தந்த நிறுவனத்தை முடக்கியவர்கள் 1.4 கோடி டாலர் கேட்டார்கள். ஆகவே கடிதம் இதுவரை கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரில் வரலாம். விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுவதற்கு முன், குடியிருப்பின் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போலிக் கடிதங்களும் உலவுகின்றன.

உண்மையான கடிதம் என்றால் உறையோடு பத்திரப்படுத்துங்கள். தபால் முத்திரையின் தேதி முக்கியம். திருட்டு எப்போது நடந்தது, எப்போது கண்டுபிடித்தார்கள், எப்போது சொன்னார்கள் என்ற மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹிப்பாவுக்கு உட்பட்ட இடம் என்றால், கண்டுபிடித்த 60 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். மெடிகேருக்கு பில் அனுப்பும் நர்ஸிங் ஹோம்கள் ஹிப்பாவுக்குள் வரும். வாடகைக்கு வீடும் சாப்பாடும் மட்டும் தரும் குடியிருப்புகள் பெரும்பாலும் வராது. அங்கே கைகொடுப்பது மாநிலச் சட்டம். 2003-ல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த முதல் அறிவிப்புச் சட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு மாநிலமாக இயற்றி, 2018-ல் அலபாமாவும் தெற்கு டகோட்டாவும் சேர்ந்ததோடு திருட்டைத் தெரிவிக்கச் சொல்லும் அந்தச் சட்டம் 50 மாநிலங்களிலும் இப்போது இருக்கிறது. கனெக்டிகட்டில் சோஷியல் செக்யூரிட்டி எண் போயிருந்தால் 24 மாதங்களுக்கும், மாசசூசெட்ஸில் 18 மாதங்களுக்கும் அடையாளத் திருட்டுப் பாதுகாப்பை இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பாதுகாப்பில் சேரக் கடிதத்தில் இருக்கும் குறியீட்டு எண்ணுக்குக் கடைசித் தேதி உண்டு. அதற்குள் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்வதற்கு முன், வழக்குத் தொடரும் உரிமையைத் தொடும் நிபந்தனை ஏதும் அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூட்டு

இலவசமாக வரும் கண்காணிப்புச் சேவை நடந்ததைச் சொல்லும். நடக்காமல் தடுப்பது, கடன் கோப்பையே முடக்கிவைக்கும் கிரெடிட் ஃப்ரீஸ்தான். 2018 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் இது இலவசம். கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஃபோனிலோ இணையத்திலோ கேட்டால் ஒரு வேலைநாளுக்குள் போட்டாக வேண்டும், எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நினைவு தவறியவர்களுக்காகப் பவர் வைத்திருக்கும் பிள்ளைகளே ஆவணங்களை அனுப்பி இதைச் செய்யலாம். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பவர் ஆஃப் அட்டர்னியை ஏற்காது; அவர்களிடம் ‘ரெப்ரசன்டேட்டிவ் பேயீ’ என்று தனியாக நியமனம் பெற வேண்டும். வருமான வரித் துறையிடம் ஆறு இலக்க அடையாளப் பின் ஒன்றை வாங்கிவிட்டால், வேறொருவர் அந்தப் பெயரில் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டை அள்ள முடியாது.

மெடிகேர் அனுப்பும் கணக்குச் சுருக்கத்தை வரிவரியாகப் படிப்பது இதைவிட முக்கியம். அத்தையின் தாளில் முதுகுக்கு அணியும் பட்டை ஒன்று பில் ஆகியிருந்தது. பூதக்கண்ணாடியை அந்த வரியிலேயே வைத்தபடி, “நான் முதுகுக்கு எந்தப் பட்டையும் வாங்கலையேடா. இந்த டாக்டர் யாரு?” என்றார். அந்த டாக்டரை அவர் பார்த்ததே இல்லை. இந்த வகை மோசடி புதிதல்ல. இதே மாதிரிப் பட்டைகளைக் காட்டி மெடிகேரை 120 கோடி டாலருக்கும் மேல் ஏமாற்றியதாக 2019 ஏப்ரலில் 24 பேர் மீது மத்திய நீதித் துறை குற்றம் சாட்டியது. சந்தேகம் வந்தவுடன் மெடிகேரைக் கூப்பிடுங்கள். ‘சீனியர் மெடிகேர் பேட்ரோல்’ என்ற இலவச உதவிக் குழுவும் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மெடிகேர் எண் கசிந்திருந்தால் மாற்றித் தருவார்கள். மெடிகேரின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் 2023-ல் நடந்த திருட்டுக்காக 2024-ல் 9,46,000-க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்பியபோது, எண் வெளியானவர்களுக்குப் புது அட்டை தருவதாக அரசே அறிவித்தது.

புகார் யாரிடம்?

மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் ஹிப்பா புகார் கொடுக்க, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 180 நாட்கள் அவகாசம். மாநில அட்டர்னி ஜெனரலிடம் தனியாகக் கொடுக்கலாம். பணமோ பெயரோ ஏற்கெனவே திருடப்பட்டிருந்தால் ஃபெடரல் டிரேட் கமிஷனின் தளத்தில் அடையாளத் திருட்டு அறிக்கை எழுதுங்கள். கடன் கோப்பில் ஏழு ஆண்டுக்கான மோசடி எச்சரிக்கையைப் போட அது உதவும். நிர்வாகம் பதில் தராமல் இழுத்தடித்தால், முதியோர் நலனுக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் ஓம்புட்ஸ்மேன் தலையிடுவார். கட்டணம் இல்லை.

இந்தப் புகார்களால் கையில் காசு வராது. ஆனால் ஒவ்வொன்றும் தேதியிட்ட ஒரு சான்று.

வழக்கு என்று வந்தால்

2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிரான்ஸ்யூனியன் வழக்கில் கொடுத்த தீர்ப்பை இந்த இடத்தில் அறிந்திருக்க வேண்டும். பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறது என்று 8,185 பேரின் கடன் கோப்பில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. யாருடைய அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேர் மட்டுமே இழப்பீடு கேட்க முடியும் என்றது நீதிமன்றம். மற்றவர்களுக்கு உண்மையான பாதிப்பு இல்லை என்பது அதன் முடிவு. அதற்குப் பிறகு, மத்திய நீதிமன்றங்களில் தகவல் திருட்டு வழக்கு எதுவும் ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்ற கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. வரப்போகும் ஆபத்து மட்டும் போதுமா என்பதில் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் பார்வை மாறுகிறது.

அத்தையின் முதுகுப்பட்டை பில் இந்தத் திருட்டால்தான் வந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. மெடிகேர் எண் வேறு எங்கிருந்தும் போயிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால்தான் தேதிகள் பேச வேண்டும். யாரிடம் ஃபோனில் பேசினோம், எவ்வளவு நேரம், என்ன செலவு என்று ஒரு நோட்டில் எழுதி வருவது பெரிய உதவி. 14.7 கோடி பேரைப் பாதித்த ஈக்விஃபேக்ஸ் திருட்டின் சமரசத்தில், செலவிட்ட நேரத்துக்கு மணிக்கு 25 டாலர் வீதம் 20 மணி நேரம் வரை கேட்கலாம் என்று இருந்தது. அதே சமரசத்தில் கண்காணிப்புச் சேவைக்குப் பதிலாகப் பலரும் எதிர்பார்த்த 125 டாலருக்கு ஒதுக்கப்பட்டது மொத்தம் 3.1 கோடி டாலர். விண்ணப்பங்கள் குவிந்ததில் ஆளுக்குக் கிடைக்கும் தொகை வெகுவாகக் குறைந்துபோனது.

பெரும்பாலான திருட்டுகள் கூட்டு வழக்காகத்தான் முடிகின்றன. சமரச அறிவிப்பு வந்தால் மூன்று வழிகள்: படிவம் நிரப்பிப் பங்கு கேட்பது, சமரசத்தில் இருந்தபடியே நீதிமன்றத்தில் ஆட்சேபிப்பது, விலகித் தனியாக வழக்குப் போடுவது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் பெரும்பாலும் பணமும் வராது, பிறகு வழக்குப் போடும் உரிமையும் போகும். பெரிய இழப்பு உள்ளவர்கள் விலகுவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கட்டாயம் பேச வேண்டும். இந்த வழக்குகளை எடுப்பவர்கள் பொதுவாக வென்றால் வரும் தொகையில் பங்கு என்றே வேலை செய்கிறார்கள். எத்தனை சதவீதம், தோற்றால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சமரசப் பணம் தருவதற்கு முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர்.

சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவர் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும் என்ற பிரிவு அதில் இருக்கக்கூடும். மெடிகேரிடமிருந்தோ ஏழைகளுக்கான காப்பீடான மெடிகெய்டிடமிருந்தோ பணம் பெறும் நர்ஸிங் ஹோம்கள் இதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது, கையெழுத்திட்டாலும் 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்கிறது 2019-ன் மத்திய விதி. மற்ற வகைக் குடியிருப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே பெற்றோரைச் சேர்க்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் அன்றே அந்தப் பக்கத்தை அடித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. அத்தையின் குடியிருப்பில் வசிப்பவர்கள் சேர்ந்து மூன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: இறந்தவர்கள், காலி செய்தவர்களின் ஃபைல்கள் எத்தனை ஆண்டுகள் வைக்கப்படுகின்றன? மெடிகேர் எண் இருக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் நகல் எதற்கு? மருந்துக் கம்பெனிக்கும் கணினிக் கம்பெனிக்கும் எந்தெந்த விவரங்கள் போகின்றன? அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் எழுத்துமூலமாகப் பதில் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அட்டையின் நகலை வைத்திருக்க வேண்டாம் என்ற கோரிக்கைக்கு எண்பது வயதைத் தாண்டிய அத்தைதான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.