மன்னிற்றோலும் நடுக்கவாதமும்

உவர்நீரில் வாழும் கண்டல் இனங்கள் சிலவும் கபிலநிறக் கடற்பாசிகளும் தம் உயிரணுக்களிற் சேமிக்கும் இனிப்புப் பொருள் மன்னிற்றோல். மட்டக்களப்பு வாவிக்கரையிற் கண்டலைக் கண்டு வளர்ந்த நாம் இதனை அறிதல் தகும். இரசாயன நூலார் இதனைச் சீனி மதுசாரம் என்பர். எனினும், வெறி தருவதன்று.

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்கவாதத்தில், மூளையின் உயிரணுக்களுள் அல்பா-சினியூக்கிளீன் என்னும் புரதம் திரண்டு நிற்கும். 2013ஆம் ஆண்டில் தெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர், இக்குறை உண்டாகுமாறு பரம்பரையலகு மாற்றிய பழ ஈக்களைச் சோதித்தனர். அவற்றுள் குழாய்ச் சுவரில் ஏறவல்லவை 38 வீதமே. மன்னிற்றோல் கலந்த உணவை 27 நாள் உண்டபின் 70 வீதமானவை ஏறின. புரதத் திரளும் குறைந்தது.

ஆயினும், ஈக்கு நலந்தந்தது மனிதர்க்கும் மருந்தாகும் என முடிவுசெய்தல் ஆகாது. மிகையாக உண்ணின் வயிற்றோட்டமும் உண்டாகும். கைந்நடுக்கமுற்ற நம் முதியோர் வைத்தியர் தந்த மருந்தைக் கைவிட்டு இதனை நாடாதிருக்குமாறு, கற்ற நாமே எடுத்துரைப்போமாக.