வாழைப்பழமும் வீட்டுச் சமாதானமும்

(குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



கடைத்தெருவிலிருந்து ஒரு சீப்பு பூவன் பழம் வீட்டுக்கு வருகிறது. பல் விழுந்த பாட்டனார், தோலில் கரும்புள்ளி விழுந்து கனியட்டும் என்கிறார். பேரனுக்கோ காம்பில் பச்சை மாறாத செங்காய்தான் இஷ்டம். கனிந்ததைக் கண்டால் முகஞ் சுளிக்கிறான். தாயாருக்குப் பழம் வீணாகுமே என்ற கவலை. அற்பக் காரியந்தான். ஆனால் பேச்சு பழத்தோடு நிற்பதில்லை. “இந்த வீட்டில் என் சொல்லை யார் கேட்கிறார்கள்?” என்று முடிகிறது.

இதில் யார் கட்சி சரி? மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, பழத்தின் இயல்பு. வாழைக்காயில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு மாவுச்சத்து உண்டு. பழுக்கப் பழுக்க அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, முற்றும் கனிந்தபின் ஒன்றிரண்டு பங்கே மிஞ்சுகிறது. துவர்ப்பும் குறைகிறது. ஆகையால் மென்று தின்ன இயலாதவருக்குக் கனிந்த பழம் இதம். செங்காயோ இரத்தத்தில் சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றுகிறது; என்றாலும் நீரிழிவுள்ளவர்கள் அளவை வைத்தியரிடம் கேட்டே தின்ன வேண்டும். நம் ஜவ்வாது மலைப் பலாவைப் பாருங்கள்: பிஞ்சைக் கறி சமைக்கிறோம், பழுத்தால் சுளை தின்கிறோம். ஒரே பழத்தைச் சர்வேசுரன் பல பருவங்களில் பலருக்கு உதவும்படி படைத்திருக்கிறார். எனவே பாட்டனாரும் சரி, பேரனும் சரி. கண்டிக்கத்தக்கது ஒன்றே: கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது. அது உடம்புக்குக் கேடு; சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

இரண்டாவது, அர்ச். சின்னப்பரின் போதனை. உரோமைச் சபையிலும் உணவைப்பற்றிப் பிணக்கு உண்டாயிற்று. சிலர் எல்லாம் புசித்தார்கள். சிலர் மனச்சாட்சிக்கு அஞ்சி மரக்கறி மட்டும் புசித்தார்கள். ஒரு சாரார் மறு சாராரை இகழ்ந்தார்கள்; மறு சாரார் தீர்ப்பிட்டார்கள். அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், இகழவும் வேண்டாம், தீர்ப்பிடவும் வேண்டாம் என்று இரு சாராருக்கும் புத்தி சொல்கிறார். தேவராச்சியம் உண்பதிலும் குடிப்பதிலும் இல்லை, நீதியிலும் சமாதானத்திலும் இஸ்பிரீத்துசாந்து தரும் சந்தோஷத்திலும் இருக்கிறது என்பது அவர் போதனையின் சாரம். அங்கே மனச்சாட்சியே சம்பந்தப்பட்டிருந்தும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாரென்றால், வெறும் நாக்கு ருசிக்காக நாம் சண்டையிடுவது தகுமா?

மூன்றாவது, நாம் காணத் தவறுகிறது. எல்லாரும் தமக்குப் பிரியமான பழத்தை எடுத்தபின், அடிபட்டதும் அளிந்ததுமான கடைசிப் பழத்தைத் தின்கிறவர் யார்? அநேக வீடுகளில் தாயார்தான். “எனக்கு இதுதான் பிடிக்கும்” என்கிறாள். மெய்யாகவே பிடிக்குமா? வருஷக் கணக்காய் யாராவது கேட்டதுண்டா? விட்டுக்கொடுப்பது புண்ணியந்தான். ஆனால் எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுக்க, மற்றவர் அதைக் காணாதிருந்தால், அந்த வீட்டில் இருப்பது சமாதானமல்ல, சத்தமில்லாமை மாத்திரமே. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், பலமுள்ளவர்கள் தங்களுக்கே பிரியமாய் நடவாமல் பலவீனரைத் தாங்க வேண்டும் என்று படிக்கிறோம். கிறிஸ்துநாதரும் தமக்குப் பிரியமானதைத் தேடவில்லை. வீட்டில் பலமுள்ளவர் யார்? சம்பாதிக்கிற தகப்பன், ஓடியாடும் வாலிபன். அவர்களே முந்தி விட்டுக்கொடுக்கட்டும்.

செய்யத்தக்கது: பாதி காயாகவும் பாதி பழமாகவும் பார்த்து வாங்குங்கள். கனிந்ததைக் காய்ப்பக்கம் வைக்காதீர்கள். பழத்திலிருந்து எழும் எத்திலீன் என்னும் வாயு பக்கத்துக் காயையும் சீக்கிரம் பழுக்கச் செய்யும். அளிந்ததை எறியாமல் கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பணியாரம் சுடுங்கள். அப்பங்களைப் பலுகச் செய்த சேசுநாதரே, மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னாரன்றோ?

இவ்வார அனுசரிப்பு: இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், பிள்ளைகள் தாயாரிடம், “அம்மா, உங்களுக்கு மெய்யாய் எந்தப் பழம் பிடிக்கும்?” என்று கேட்கட்டும். நாளைக்குச் சீப்பிலிருந்து முதல் பழம் அவர்களுக்கே.