ஒரு புள்ளியின் மதிப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நமக்குக் கால்பந்து புதிதன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரைச் சிற்றூராகிய பொழியூர், 2018இல் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரள அணிக்கு வீரர்களைத் தந்தது. எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18 பருவத்தில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தில் ஆடினார். அக்கழகம் அடுத்த பருவத்தில் கண்ட வெற்றி தோல்விகளை இப்பாடத்தில் அறிவோம்.

2018-19 ஐ-லீக் போட்டியில் 11 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள். சமநிலைக்கு 1 புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் சென்னை சிட்டி அணியின் பயிற்றுநர். முன்கள வீரர் பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கமே அணியின் சொந்தத் திடல்.

2019 மார்ச் 9, இறுதி நாள். சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் களமிறங்கின. கோவையில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்தது. மலைக்கு மேற்கே, கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியை ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்றது. ஆகவே, சமநிலையும் சென்னை அணிக்குப் போதாது, வெற்றியே வேண்டும். இடைவேளைக்குப் பின் மான்சி ஒரு கோலும், தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடிக்க, 3-1 என அணி வென்றது. பட்டமும் கைக்கு வந்தது.

இரு அணிகளும் 13 ஆட்டங்களில் வென்றன. ஆயினும் சென்னை அணி 4 ஆட்டங்களைச் சமன் செய்து, மூன்றில் மட்டுமே தோற்றது. வெல்ல இயலாத நாளிலும் தோற்காமல் காத்த ஒரு புள்ளியே பட்டத்தைத் தந்தது.

கோப்பைப் போட்டியின் இயல்பு வேறு. அடுத்து, புவனேசுவரத்தில் நடைபெற்ற சூப்பர் கோப்பையில் சென்னை சிட்டி, வலிமை மிக்க பெங்களூரு அணியை 2-1 என வென்றது. ஆனால் அரையிறுதியில் கோவா அணியிடம் 0-3 எனத் தோற்று வெளியேறியது. லீக்கில் மூன்று தோல்விகளைத் தாங்கிய அணிக்குக் கோப்பையில் ஒரு தோல்வியே முடிவாயிற்று.

சொற்பொருள்
பருவம் – ஓராண்டுப் போட்டிக் காலம்
சமநிலை – இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் கோல் அடித்தல்
திடல் – விளையாடும் வெளி

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அக்கழகம், கடற்கரை.
2. 13 வெற்றி, 4 சமநிலை: மொத்தப் புள்ளிகள் எத்தனை?
3. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றிகளுடன் 42 புள்ளிகள் பெற்றது. அது சமன் செய்த ஆட்டங்கள் எத்தனை?
4. லீக், கோப்பை ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டை இரண்டு தொடர்களில் எழுதுக.
5. உங்கள் ஊர்த் திடலில் கண்ட ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பத்து வரிகள் எழுதி, வீட்டிலுள்ள பெரியோருக்குப் படித்துக் காட்டுக.