சேவைக்காலம் என்றால் என்ன?



"சேவைக்காலம்" நமக்கெல்லாம் பழகிப்போன சொல்தான். ஆனால் லயத்தில் ஒருவர் "சேவைக்காலம் கிடைச்சிருச்சா?" என்று கேட்டால், அவர் கேட்பது காசை. ஆபீஸ் கடிதத்தில் அதே சொல் வந்தால், அது நீங்கள் வேலை செய்த காலம். இந்தக் காலத்துக்குக் கிடைப்பதுதான் அந்தக் காசு. அதனால் காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்வது "பூர்த்தியான வருஷம்". அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. குறைந்தது 5 வருஷம் பூர்த்தியாக வேண்டும். 4 வருஷம் 11 மாதத்தில் விலகினால் சேவைக்காலப் பணம் கிடையாது.

2. நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய நாட்சம்பளமே கணக்கு. 10 வருஷம் 8 மாதம் வேலை செய்தவருக்கு 140 நாள் சம்பளம். மிச்ச 8 மாதம் கணக்கில் வராது. இன்னும் 4 மாதம் பொறுத்திருந்தால் 154 நாள்.

3. அனுமதி பெற்ற லீவினால் சேவை அறுந்துபோகாது. பிரசவ லீவு எடுத்த தாய்மார் இதில் பயப்படத் தேவையில்லை. ஆனால் எழுதிக்கொடுத்து விலகிவிட்டு, பிறகு திரும்ப வந்து புதிதாகப் பேர் பதிந்தால் அந்தக் காலம் தொடர்ச்சியாக இருக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஈ.பி.எப். வேறு, இது வேறு. ஈ.பி.எப்.புக்கு 5 வருஷக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். இடையில் விலகினாலும் அந்தப் பணம் உங்கள் பேரிலேயே இருக்கும்.

கொழும்பில் வேலை கிடைத்தது என்று அவசரமாகப் புறப்படும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: போவது உங்கள் விருப்பம். ஆனால் கடிதம் கொடுப்பதற்கு முன் பேர் பதிந்த தேதியை ஆபீசில் கேட்டு, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு மாத அவசரத்தில் ஐந்து வருஷ உழைப்பின் பலன் போய்விடக் கூடாது.

வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுபட வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளத் துண்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பேரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விளங்காததை எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.