கல்லூரி வளாகத்தில் நலோக்ஸோன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டேபெண்டடால், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் ஓபியாய்டு குடும்பம். அளவு மிஞ்சினால் (ஓவர்டோஸ்) மூளை மூச்சுவிடுவதையே மறந்துவிடும். பார்ப்பவருக்கு ஆள் அசந்து தூங்குவதுபோலத்தான் தெரியும். ஓபியாய்டின் பிடியைத் தளர்த்தி மூச்சை மீட்கும் மருந்து நலோக்ஸோன். 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1983 முதல் இருக்கிறது. இதன் மூக்கு ஸ்ப்ரே 2023 முதல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் அரசுக் கல்லூரி வளாகங்களில் இதை இருப்பு வைக்க 2022-இலேயே சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டில் பெரும்பாலும் மருத்துவமனையில், 0.4 மில்லிகிராம் ஊசி ஆம்பியூலாகத்தான் இதைப் பார்க்கிறோம். தேவை குறைவு என்பதால் அல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி சுமார் 2.26 கோடி இந்தியர்கள் ஓபியாய்டு பயன்படுத்தி வந்தார்கள். மக்கள்தொகை விகிதத்தில் இது அந்த ஆய்வு குறிப்பிட்ட உலக சராசரியைப்போல் சுமார் மூன்று மடங்கு. பல மாநிலப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் டெல்லியில், கல்லூரிகள் இதற்குத் தயாராக இருப்பதே விவேகம்.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

1. வளாக சுகாதார மையத்தின் மருத்துவ அதிகாரி பொறுப்பில் மருந்தை வாங்குங்கள். எப்போது, எவ்வளவு, யார் கொடுக்கலாம் என்பதை அவர் எழுத்தில் தரட்டும். ஓவர்டோஸை நேரில் பார்க்க நேரிடுகிறவர்கள் கையில் மருந்தும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்துவிட்டது.

2. ஒரு பெட்டியில் எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும்: ஆம்பியூல்கள், சிரிஞ்சுகள், ஊசிகள், ஆம்பியூலின் கழுத்தை உடைக்கும்போது விரல் கிழியாமல் இருக்கப் பஞ்சுத்துணி, கையுறை, செயற்கை சுவாசத்துக்கான முகமூடி.

3. இரவுக் காவலாளி, ஹாஸ்டல் வார்டன், மெஸ் ஊழியர், மாணவத் தொண்டர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுங்கள். விபரீதம் நடப்பது மருத்துவர் வீட்டுக்குப் போன பிறகுதான்.

4. இரவில் எந்த கேட் திறந்திருக்கும், சாவி யாரிடம் என்பதை முடிவுசெய்து எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் பூட்டிய கேட்டின் முன் நிற்கக் கூடாது.

5. வளாகத்துக்கு வெளியே கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர் பிஜி விடுதிகளில் தங்கும் மாணவர்களையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.

6. விடுமுறை முடிந்து திரும்பும் வாரங்களில் எச்சரிக்கை செய்யுங்கள். சில வாரம் போதையை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவருக்கும் இதே ஆபத்து உண்டு.

நிர்வாகம் செய்யக்கூடாதவை

1. மருந்தை முதல்வர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். தகரக் காவல் கூண்டிலும் வைக்காதீர்கள். டெல்லி மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். மருந்துக்கு வெளிச்சமும் வெப்பமும் ஆகாது. காலாவதித் தேதியை மாதந்தோறும் பாருங்கள்.

2. "இதை வைத்தால் போதைக்கு நாமே துணைபோவதாகிவிடும்" என்று தயங்காதீர்கள். நலோக்ஸோனில் போதை இல்லை, பழக்கமும் ஆகாது. ஓபியாய்டுக்குப் பழகியவருக்கு அது தருவது குமட்டலும் நடுக்கமும்தான். அதை நம்பி யாரும் அளவை மீற மாட்டார்கள்.

3. உதவிக்கு அழைத்த மாணவரைத் தண்டிக்காதீர்கள். சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தரும் பாதுகாப்பு ஓவர்டோஸுக்கு இல்லை. அதனால் உடன் இருப்பவர்கள் பயந்து அறைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அழைத்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று கல்லூரியாவது எழுதிக் கொடுக்கலாம்.

ஆள் விழுந்து கிடக்கும்போது செய்ய வேண்டியவை

1. மூன்றைப் பாருங்கள்: கூப்பிட்டும் உலுக்கியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக, குறட்டைபோலக் கரகரக்கிறது அல்லது நின்றுவிட்டது, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கலாம்.

2. அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். இந்தி வராத தமிழ்ப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "பேஹோஷ் ஹை, ஸான்ஸ் நஹீ லே ரஹா" (நினைவில்லை, மூச்சு விடவில்லை). பிறகு ஹாஸ்டல் பெயர், கேட் எண், பக்கத்து மெட்ரோ நிலையம்.

3. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு ஊதுங்கள்.

4. பயிற்சி பெற்றவர் தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசி போடட்டும். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்று.

5. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தாலும் புரையேறாது.

6. என்ன எடுத்தார் என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நலோக்ஸோன் அவற்றை முறிக்காது. ஆனால் கொடுத்ததால் கெடுதலும் இல்லை.

அப்போது செய்யக்கூடாதவை

1. எலுமிச்சைச் சாறு, புளித்த மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

2. தலையில் பக்கெட் தண்ணீர் கொட்டுவது, கன்னத்தில் அறைவது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது வேண்டாம். நேரம்தான் வீணாகும்.

3. "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

4. கண் விழித்ததும் தனியே அனுப்பாதீர்கள். மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும். உடம்பில் மிச்சமிருக்கும் போதை மறுபடி மூச்சை அடைக்கலாம். எரிச்சலோடு எழுந்து "ஒன்றுமில்லை, போங்கள்" என்பார். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பிழைத்தவருக்கு அடுத்த வழியையும் காட்டுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. டெல்லியில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் அடுத்த முறை கல்லூரிக்குப் போகும்போது, உங்கள் சுகாதார மையத்தில் நலோக்ஸோன் இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு அதை யார் எடுத்துக் கொடுப்பார் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லிப் பதில் வரும்வரை விடாதீர்கள்.