சத்தம் தாங்காத காதுக்கு என்ன வாங்கலாம்?



எங்கள் குழுவின் வாரக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் 2,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும், "பொண்ணுக்குக் காதுல மாட்டற புளூடூத் வாங்கோணுங்க்கா" என்றார். பாட்டு கேட்கக் கடனா என்று எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளுக்கு 9 வயது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். குக்கர் விசில் அடித்தால் அழுகை. வீட்டை ஒட்டியே விசைத்தறி. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். உள்ளதைச் சொன்னால், நாங்களும் அப்படிப் பேசியவர்கள்தான். அதன்பிறகு நாலு பேர் சேர்ந்து விசாரித்தோம். தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

சத்தம் தாங்காமல் போவது சேட்டையும் அல்ல, திமிரும் அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள், காதில் இரைச்சல் கேட்பவர்கள், காது நோய் வந்தவர்களுக்கும் இருக்கும். காது மந்தமானவர்களில்கூட சிலருக்குப் பெரிய சத்தம் தாங்காது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை என்றால் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பரிசோதனைக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

இனி பொருளுக்கு வருவோம். இரைச்சலை அடக்கும் இயர்பட்ஸ் எப்படி வேலை செய்கிறது? அதிலுள்ள சின்ன மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கும். உடனே அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும். இரண்டும் மோதி அமுங்கிவிடும். ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்தில்தான் இது நன்றாக நடக்கும். பஸ் இன்ஜின், ஃபேன், ஏர்கூலர் போன்றவை அப்படிப்பட்டவை. பாத்திரம் விழும் சத்தம், விசில், பட்டாசு, மிக்சியின் கீச்சு ஆகியவற்றை இது அவ்வளவாகப் பிடிக்காது. அங்கே காப்பாற்றுவது காதை அடைக்கும் ரப்பர் முனைதான். டப்பாவில் இரண்டு மூன்று அளவு முனை வைத்திருப்பார்கள். எது இறுக்கமாக, வலியில்லாமல் உட்காருகிறதோ அதைப் போட வேண்டும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் 'ஏ.என்.சி.' என்று இருந்தால்தான் நம் காதுக்கு இரைச்சல் குறையும். 'இ.என்.சி.' என்று மட்டும் இருந்தால், போனில் நாம் பேசும்போது எதிரே இருப்பவருக்கு நம் குரல் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். விலை குறைந்தவற்றில் பலவும் இந்த இரண்டாவது வகை. கடைக்காரர் விட்டால், ஃபேனை ஓடவிட்டு, பாட்டுப் போடாமல், அந்த வசதியை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் பாருங்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

தறிச் சத்தம் 'டக் டக்' என்று அடிக்கும் சத்தம். அதற்கு இயர்பட்ஸைவிட, ஆலைத் தொழிலாளர்கள் தலையில் மாட்டுகிற காதுமூடி மேல். சார்ஜ் வேண்டாம், கீழே விழுந்தாலும் பயமில்லை. பாதுகாப்புச் சாமான் கடையில் கிடைக்கும். அட்டையில் 'என்.ஆர்.ஆர்.' என்ற எண் பெரிதாக இருந்தால் சத்தம் அதிகம் குறையும். இதைவிட மலிவு நுரை அடைப்பான். உருட்டி மெல்லிசாக்கி, காதை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அரை நிமிஷம் விரலால் அமுக்கினால் உள்ளே விரிந்துகொள்ளும். பஞ்சு வைப்பது மனத் திருப்திக்குத்தான்.

இன்னொன்று. நாள் முழுக்க காதை அடைத்தே வைத்தால் சின்னச் சத்தத்துக்கும் கூச்சம் கூடிவிடும். சத்தம் வரும் நேரத்துக்கு மட்டும் மாட்டிக் கழற்ற வேண்டும். ரோட்டில் நடக்கும்போது கூடாது. 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கைக்கு எட்டும்படி இயர்பட்ஸையோ அடைப்பானையோ வைக்கக் கூடாது, வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிவிடும்.

இரவில் ஒலிபெருக்கித் தொல்லை என்றால் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அலறவிடக் கூடாது. திருவிழாவுக்கு அரசு தரும் சில நாள் சலுகையும் நள்ளிரவு 12 மணியோடு சரி.

அந்த உறுப்பினருக்கு 2,000 ரூபாயும் கொடுக்கத் தீர்மானம் எழுதினோம். மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்து, இயர்பட்ஸை விட்டுவிட்டுக் காதுமூடி வாங்கினார். பாதிப் பணம்கூட ஆகவில்லை. மிக்சிக்கு அடியில் மடித்த சாக்கு போட்டார். போடுவதற்கு முன் மகளிடம் சொல்லிவிடுகிறார். இப்போது அவளே மாட்டிக்கொண்டு, "அம்மா, போடு" என்கிறாளாம்.

மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு காதுமூடி வாங்கியிருக்கிறார், அவருக்கும் வீட்டுக்காரருக்கும். 85 டெசிபலுக்கு மேல் தினம் 8 மணி நேரம் வருஷக்கணக்காகக் கேட்டால் காது கெடும். தறிக்கூடத்தில் 90-க்கு மேலேயே போகும். தறிக்காரர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள் என்று சொல்வோமே, பலருக்கு அது பழக்கம் இல்லை, காது போய்க்கொண்டிருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் பக்கத்துச் சகோதரிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.