மண்டபத்து வீட்டுக்கு ஒரு கூரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தைப் பார்த்தேன். அறை, வாசல், மாடிப்படி எல்லாவற்றையும் துபாயில் இருந்துகொண்டே நன்றாக யோசித்திருக்கிறாய். கூரைக்கு மட்டும் ‘கான்கிரீட் தளம், ஐந்து அங்குலம், கவர் 20 மி.மீ.’ என்று ஒரே வரி. மண்டபம் போன்ற கடலோர ஊரில் அதிகம் யோசிக்க வேண்டிய இடமே அதுதான். எந்தக் கூரை என்று கேட்பதற்கு முன்னால், அதற்கு வருஷா வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கும் விடை தானாக வந்துவிடும்.

நம் கடற்கரையைப் பாலைவனம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனாலும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பனையையும் சீமைக்கருவேலையும் விட்டால் பச்சை தெரியாத பூமி இது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதமெல்லாம் வெயில்தான். பக்கத்து ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை சொச்சம் வடக்கே இருப்பதால், சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அங்கே வருகிறது. நடுவில் உள்ள மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. எனவே சுவரைக் காட்டிலும் கூரைதான் வெயிலை வாங்குகிறது. ராஜஸ்தான் பாலையில் இதற்குக் கனமான மண் கூரை போட்டார்கள். பகல் சூட்டை அது மெல்ல வாங்கும். இரவில் குளிர்ந்த வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். இங்கே அந்த வித்தை பாதிதான் பலிக்கும். பக்கத்தில் கடல் இருப்பதால் இரவிலும் புழுக்கம் இறங்காது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சூட்டைக் கட்டிலின் மேல் இறக்கும். தளத்தில் வெயில் ஏறவிடாமல் தடுப்பதுதான் நமக்குள்ள வழி.

வெயிலை விடப் பொல்லாதது உப்பு. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்துப் பழைய தளம் ஒன்றை அண்ணாந்து பார். கம்பி ஓடும் வழியே முதலில் மயிரிழை போலப் பழுப்பாக ஒரு கோடு விழும். கம்பால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொள்ளலாக ஒலிக்கும். அப்புறம் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, கம்பி ஏடு ஏடாக உரிந்து தொங்கும். இந்திய தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் ‘கடுமை’ என்று வகைப்படுத்துகிறது. கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் (வரைபடத்தில் ‘கவர்’ என்பது அதுதான்) மூடியிருக்க வேண்டும், எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் கணக்கு. உன் வரைபடத்தில் உள்ள 20 மி.மீ., கடலையே காணாத உள்நாட்டு வீட்டுக்கு உரியது. கவரைக் கூட்டினால் தளத்தின் கனத்தையும் ஆறு அங்குலம்வரை கூட்ட வேண்டிவரலாம். அதை இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். கலவைக்கும் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துவதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். பக்கத்துப் போர்வெல்லில் வரும் உவர்த்தண்ணீரை ஊற்றினால் உப்பை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும். காய்ந்த காலத்தில் பத்து நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். லாரித் தண்ணீருக்கு ஆகும் காசைக் கணக்குப் பார்க்காதே.

“இவ்வளவு தொல்லை எதற்கு, தாத்தா காலத்து ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் குளுகுளுவென்று இருந்தனவே” என்று நீ கேட்கலாம். இருந்தது உண்மைதான். பனையோலைக்கும் ஓட்டுக்கும் சூட்டைத் தேக்கிவைக்கும் கனம் கிடையாது. இடுக்கு வழியாகக் காற்றும் போகும். 1964 டிசம்பர் 22, 23-இல் தனுஷ்கோடியில் அடித்த புயலை நினைத்தால் பதில் கிடைக்கும். அங்குள்ள தேவாலயத்தின் பவளக்கல் சுவர் இன்றும் நிற்கிறது, கூரையைக் காணோம். ஓட்டுச் சரிவு உனக்குப் பிடித்திருந்தால் திண்ணைக்கும் முன்வாசலுக்கும் வைத்துக்கொள். படுக்கும் அறைக்குக் கான்கிரீட்தான் சரி. ஆனால் அந்தக் கூரைகளோடு வந்த பழக்கம் ஒன்று இருந்தது. ஓலையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மேய்ந்தார்கள். மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றினார்கள். கான்கிரீட் வந்ததும் கூரைக்கு வேலையே இல்லை என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. தளங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பாதிப் பங்கு என்றால் இந்த நம்பிக்கைக்கு மீதிப் பங்கு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இதே உப்புக்காற்றில் 2022 டிசம்பர்வரை ரயிலைத் தாங்கியது என்றால், ஓயாமல் பெயிண்ட் அடித்துப் பழுது பார்த்த கைகள் பின்னால் இருந்தன. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு அத்தனை வேண்டாம்.

வேண்டியது தளத்துக்கு மேலே ஒரு தோல்: வெயிலையும் உப்பையும் தான் வாங்கிக்கொண்டு தேய்கிற, தேய்ந்ததும் மலிவாகப் புதுப்பிக்கக்கூடிய தோல். மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் அந்த வேலையைச் சுருக்கித் தளம் செய்தது. செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். சராசரி மூன்று அங்குலம் கனம், பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம். செங்கல் ஜல்லியில் அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். சுண்ணாம்பு வெடிக்காமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். நம் பக்கம் தேடினால் கிடைப்பார்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை டைல்ஸ் சில்லைப் பதித்துவிடு, அதுவும் வெயிலைத் திருப்பி அனுப்பும். சுருக்கித் தளமானால் அதன் மேல் வருஷா வருஷம் மாசியில் இரண்டு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒட்டுவதற்காகச் சிலர் சுண்ணாம்பில் உப்புப் போடுவார்கள். கம்பி ஓடும் தளத்தின் மேல் அது வேண்டவே வேண்டாம், பசை போதும். சுண்ணாம்பு அடிப்பதைக் கைவைத்தியம் என்று நினைக்காதே. வெயில் கொடுமைக்கு அகமதாபாத் மாநகராட்சி ஏழைகளின் கூரைகளுக்கு அடித்ததும் இந்த வெள்ளைதான். தெலங்கானா 2023-இல் இதற்கென்று குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. மழையில் கரைந்து போகுமே என்றால், போகட்டும். அடுத்த மாசியில் மறுபடி அடிக்க ஒரு ஆள் கூலியும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும்தான் செலவு.

ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்பாய். போடு, தடுக்கவில்லை. மேலே தளம் காய்ந்துகொண்டிருக்க, கீழே ஏ.சி. ஓடினால் நீ கரண்டுக்குக் கொடுக்கும் காசில் பாதி தளத்தோடு சண்டை போடவே போகும். மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. இப்போது எல்லோரும் மாடியில் போடும் தகரக் கொட்டகையைப் பற்றியும் கேட்டிருந்தாய். நிழலுக்கு அதைவிட நல்லது இல்லை. தளத்துக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஆனால் அதன் போல்ட்டும் ஆங்கிளும்தான் முதலில் துருவெடுக்கும், புயலில் முதலில் பறப்பதும் அதுதான். வருஷம் ஒருமுறை ஏறிப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் போடு.

மழைத்தண்ணீரை மறந்துவிடாதே. நிலத்தடியில் உவர்ப்பு, குடத்துக்கும் லாரிக்கும் காசு கொடுக்கும் ஊர் நம்முடையது. உன் 1,000 சதுர அடித் தளம் சுமார் 93 சதுர மீட்டர். 800 மி.மீ. மழைக்கு 74,000 லிட்டர் அதில் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 59,000 லிட்டர் தொட்டிக்கு வரும். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் குழாயை மாட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். நீ தொட்டியையும் கட்டு, முதல் மழையை வெளியே விடு. கூரைத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்குக் கூரையைக் கூட்டச் சொல்லித்தர வேண்டாம். புரட்டாசியில் தானே ஏறிச் சருகை அள்ளி, நீர்த்தாரையைக் குத்திவிட்டு, எங்கே வெடித்திருக்கிறது என்றும் பார்ப்பான். நீ துபாயில் இருக்கும்வரை இதற்கு மாசியிலும் புரட்டாசியிலும் வர ஒரு கொத்தனாரை இப்போதே பேசி வைத்துவிடு.

தளத்தைத் தை பிறந்ததும் போடச் சொல். வெயிலும் குறைவு, தண்ணீரும் இருக்கும். அதற்கு முன் வரைபடத்தை இன்ஜினியருக்குத் திருப்பி அனுப்பு. 20 என்பதை அடித்து 45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை சென்ட்ரிங்காரருக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே.

இப்படிக்கு,
அன்பு மாமா